பச்சை ஆரத்தி

பதினான்கு வருடங்களாகப் பிள்ளைகள் ஒரே நோட்டைப் பார்த்து எழுதிவந்ததாலோ, எழுதியதையெல்லாம் படித்துப் பார்க்காமல் ஆசிரியர்கள் சரி போட்டு வந்ததாலோ, அல்லது இவை எதனாலும் இல்லாமலோ, சுக்காம்பாறையில் ஓர் ஆவணி மாத முகூர்த்த நாளில், சுண்ணாம்புக் காளவாய் முதலாளி சீனிச்சாமியின் மகள் கழுத்தில் தாலி ஏறி, பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, மஞ்சள் கரைத்த தட்டில் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கிய சீனிச்சாமியின் கொழுந்தியாள் விரலைச் சுற்றித் தண்ணீர் சிவக்காமல் பச்சையானது.

அகத்திக்கீரையை அரைத்துக் கரைத்தது போன்ற பச்சை. அவள் அதை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு, தட்டைத் தேய்த்துக் கழுவி, வேறு மஞ்சளும் வேறு தண்ணீரும் எடுத்துக் கலக்கினாள். பச்சைதான் வந்தது. சுண்ணாம்பில் கோளாறு இருக்கும் என்று யாரோ சொன்னதால், மதுரையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் வெற்றிலைப் பெட்டியை வாங்கி, அதிலிருந்த சுண்ணாம்பைப் போட்டாள். அதுவும் பச்சையானது. நல்ல நேரம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. சீனிச்சாமி தட்டைப் பார்த்தார், சம்பந்தி வீட்டாரின் முகங்களைப் பார்த்தார், வாசற்படிக்கு வெளியே வெயிலில் நிற்கும் மகளைப் பார்த்தார்.

"எங்க ஊர்ல இப்படித்தான் சம்பந்தி. குடும்பம் தழைக்கணும்னு பச்சையிலதான் சுத்துறது" என்றார்.

"நிச்சயத்தன்னைக்குச் சிவப்பாத்தான சுத்துனீங்க?" என்றார் தாய்மாமன்.

"அது நிச்சயத்துக்கு" என்றார் சீனிச்சாமி.

அப்படிச் சொன்ன பிறகு வேறு வழியில்லாமல் போயிற்று. அந்த மாதத்திலேயே நடந்த இன்னும் இரண்டு கல்யாணங்களிலும் ஒரு சடங்கு வீட்டிலும் தட்டு பச்சையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் வெளியூர்க்காரர்கள் கேட்க, எங்கள் ஊர் வழக்கம் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்ல, நான்காவது தடவை சொல்லும்போது அது உண்மையிலேயே ஊர் வழக்கமாகிவிட்டிருந்தது.

சுக்காம்பாறைக்குச் சுண்ணாம்பு புதிதல்ல. ஊரைச் சுற்றியுள்ள சுக்கான்கல்லை வெட்டி, மூன்று காளவாய்களில் கரியோடு அடுக்கிச் சுட்டு, சுட்ட கல்லில் தண்ணீர் தெளித்தால் அது சீறிக்கொண்டு கொதித்து, வெடித்து, மாவாக உதிரும். அந்த மாவைச் சலித்து மூட்டை கட்டுவதுதான் ஊரின் பாதிப் பெண்களுக்கு வேலை. கூரைகளிலும் மாட்டு முதுகிலும் காயப்போட்ட துணிகளிலும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். வேதியியல்படி பார்த்தால் இந்த ஊரே ஒரு காரம் என்று அறிவியல் ஆசிரியை எஸ்தர் நவமணி வகுப்பில் சொல்வதுண்டு. தேர்வுக்கு வராத செய்தி என்று பிள்ளைகள் அதைக் குறித்துக்கொள்ளாமல் விட்டுவிடுவார்கள்.

ஊர் முதல் சில நாட்கள் சோதித்துப் பார்த்தது. வீடு வீடாகக் கிண்ணங்களில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலக்கினார்கள். எல்லாம் பச்சை. அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் பழையபடி மஞ்சளானது. அதில் ஒரு குறையும் இல்லை. இளவட்டங்கள் கிண்ணத்தோடு சைக்கிளில் போய், சாத்தூர் ரோட்டில் 'நன்றி, மீண்டும் வருக' என்று எழுதிய பலகை வரை பச்சையாக இருப்பதையும், பலகையைத் தாண்டி வைத்துக் கலக்கினால் சிவப்பாவதையும் கண்டுபிடித்து வந்து சொன்னார்கள். வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து மஞ்சள், சுண்ணாம்பு, கிணற்றுத் தண்ணீர் மூன்றையும் தனித்தனியே எடுத்துப்போனார். மாவட்டத் தலைநகரில் அவை ஒழுங்காகச் சிவந்தன. மாதிரிகளில் குறைபாடு ஏதும் இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. அப்படியானால் குறைபாடு நம்மிடம்தான் இருக்க வேண்டும் என்று ஊராட்சி மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் சொல்ல, அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

காளியம்மன் கோயிலில் குங்குமம் தயாரிப்பதும் மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டுதான். பூசாரி மூன்று நாள் வெளியூர்க் குங்குமம் வாங்கி ஒப்பேற்றிப் பார்த்தார். நான்காம் நாள், அம்மனே பச்சை கேட்டுவிட்டாள் என்று அறிவித்தார். பச்சைக் குங்குமம் வாங்க விருதுநகரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். குழந்தை இல்லாதவர்களுக்கு அது நல்லது என்றார்கள். பயிர் வாடினால் வரப்பில் தூவலாம் என்றார்கள். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் எட்டுப் பக்கத்தில் ஒரு சிறுபுத்தகம் அச்சடித்து, பச்சை ஆரத்தி நம் முன்னோர் வழக்கம் என்றும், இடைப்பட்ட காலத்தில்தான் அது சிவந்துபோயிற்று என்றும் நிறுவினார். பக்கத்து ஊர்க்காரர்கள் பச்சைத்தண்ணிக்காரர்கள் என்று கேலி செய்தார்கள். அதையும் ஊர் பொருட்படுத்தவில்லை. வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள், அங்கே சிவப்புத் தட்டை முகத்துக்கு நேரே சுற்றும்போது ரத்தம் மாதிரி இருக்கிறது என்று போனில் தாய்மாரிடம் சொல்லி அழுதார்கள். இரண்டு வருடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆரத்தி ஒரு காலத்தில் சிவப்பாக இருந்தது என்பதை, நினைவுக்கு வந்தாலும் வெளியில் சொல்லாத நாகரிகம் ஊருக்கு வந்துவிட்டது.

காரணத்தை அறிந்தவர் ஊரில் ஒருவர் இருந்தார். அறிந்ததைச் சொல்லாமலிருக்கப் போதுமான காரணமும் அவரிடம் இருந்தது.

அவர் எஸ்தர் நவமணி டீச்சர். சீனிச்சாமி வீட்டுக் கல்யாணத்துக்குப் பதினான்கு வருடங்களுக்கு முன் அரசுப் பள்ளியின் ஆய்வகக் கூரையிலிருந்து ஒரு பாளம் சிமெண்டு விழுந்தது. யார் தலையிலும் விழவில்லை. பொறியாளர் வந்து பார்த்து, அறையைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். தலைமையாசிரியர் பூட்டுப் போட்டார். ஆய்வகம் பூட்டப்பட்டதே தவிர சோதனைகள் நிற்கவில்லை. அவை நோட்டில் நடந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள்: செய்தது சோதனை, பார்த்தது காண்பன, அதிலிருந்து தெரிந்துகொண்டது அறிவன. செய்வதற்கும் பார்ப்பதற்கும் ஒன்றும் இல்லாததால் மூன்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட முடிந்தது. ஆய்வகம் பூட்டிய வருடம் பாலசுந்தரி என்ற பெண் எழுதிய நோட்டு, கையெழுத்து அழகுக்காகவும் படங்களின் சுத்தத்துக்காகவும் முழு மதிப்பெண் பெற்று, வெளியிலிருந்து வந்த தேர்வாளரின் கையொப்பமும் முத்திரையும் பெற்று, மாதிரி நோட்டு என்ற பெயரோடு தலைமையாசிரியர் அறை பீரோவுக்குப் போனது. ஆண்டுக்கு அறுபது எழுபது பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதினார்கள். பிறகு அவர்கள் எழுதியதைப் பார்த்து அவர்களுடைய தம்பி தங்கைகள் எழுதினார்கள். வருடா வருடம் வெளியிலிருந்து வந்த தேர்வாளர்கள் தலைமையாசிரியர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அடுக்கிவைத்த நோட்டுகளில் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கையெழுத்திட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய அன்றே டீச்சர் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தார். இயற்கை நிறங்காட்டிகள் என்ற பக்கம். ஒரு பொருள் அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டிக்கொடுக்கும் சாறுகள் மூன்று. லிட்மஸ் காரத்தில் நீலம் என்று சரியாக இருந்தது. அதற்கடுத்த வரிசையில் பாலசுந்தரியின் கண் ஒரு வரி சறுக்கியிருந்தது. மஞ்சள் காரத்தில் சிவப்பாகும், செம்பருத்தி காரத்தில் பச்சையாகும் என்பதற்குப் பதிலாக, மஞ்சளுக்கு நேரே பச்சை என்றும் செம்பருத்திக்கு நேரே சிவப்பு என்றும் எழுதியிருந்தாள். செம்பருத்தி ஏற்கெனவே சிவப்பு என்பதால் ஊரில் அதை யாரும் கவனித்திருக்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெரிய சரி போட்டிருந்தது எஸ்தர் நவமணியின் கை.

பாலசுந்தரி இப்போது பேருந்து நிலையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். டீச்சர் நோட்டை விரித்துக் காட்டியபோது அவள் வாடிக்கையாளரின் ஆதார் அட்டையை இயந்திரத்தில் வைத்துக்கொண்டே பார்த்தாள்.

"நான் பாத்து எழுதுனேனா, பாக்காம எழுதுனேனான்னு ஞாபகம் இல்ல டீச்சர். ஆனா முழு மார்க்கு போட்டது நீங்கதான்."

"அதான்மா, நீயே உன் கையால திருத்திக் குடுத்துட்டா…"

"சீல் வச்சதை எப்படித் திருத்துறது? நான் அந்த நோட்டால பேர் வாங்குனவ. எங்கக்கா புள்ள அதைப் பாத்துத்தான் எழுதுறான்."

தலைமையாசிரியர் கோமதிநாயகமும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார். அரசு முத்திரை பெற்ற ஆவணத்தில் அடித்தல் திருத்தல் செய்ய அவருக்கோ டீச்சருக்கோ அதிகாரம் இல்லை. மேலே எழுதிக் கேட்கலாம். கேட்டால் பதினான்கு வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பார்கள். தவிர, ஊர் பச்சையோடு சந்தோஷமாகத்தான் இருக்கிறது. டீச்சர் நோட்டைத் திரும்ப பீரோவில் வைத்தார்.

இப்படி இருக்கையில் பள்ளிக்குப் புதிய கட்டிடம் வந்தது. அதில் புதிய ஆய்வகமும் வந்தது. சோதனைக் குழாய்கள் வைக்கோல் சுற்றிய பெட்டிகளில் வந்து இறங்கின. இந்த வருடம் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வை நிஜமாகவே நடத்த வேண்டும் என்று உத்தரவும் வந்தது.

அந்தப் பத்தாம் வகுப்பில் மாரிக்கனி என்ற பெண் இருந்தாள். அவளுடைய அம்மா வெள்ளத்தாய், சீனிச்சாமியின் காளவாயில் சுண்ணாம்பு சலிப்பவள். சுண்ணாம்பு தோலைத் தின்னும். வெள்ளத்தாயின் விரல் நுனிகளில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்து, மழைக்காலத்தில் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவாள். மகள் சாத்தூருக்குப் போய்ப் பதினொன்றாம் வகுப்பில் சயின்ஸ் குரூப் சேர்ந்து, பிறகு லேப் டெக்னீசியன் படிப்புப் படித்து, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது தாயும் மகளும் சேர்ந்து வைத்திருந்த திட்டம். மாரிக்கனிக்குக் கணக்கும் சமூக அறிவியலும் சுமார்தான். எஸ்தர் நவமணி டீச்சர் ஒரு தாளில் கூட்டிக் காட்டியிருந்தார்: செய்முறைக்கு உள்ள இருபத்தைந்தும் முழுதாகக் கிடைத்தால் சயின்ஸ் குரூப் எட்டிவிடும், ஒன்றிரண்டு குறைந்தால் சந்தேகம், ஐந்து குறைந்தால் இல்லை.

"கிடைச்சாப் போ. கிடைக்கலைன்னா சல்லடை இருக்கு" என்று வெள்ளத்தாய் சொல்லியிருந்தாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள்.

மாரிக்கனியிடம் ஒரு கோளாறு இருந்தது. பார்த்தபிறகு எழுதும் பழக்கம். கோடை விடுமுறையில் சாத்தூரில் சித்தி வீட்டுச் சடங்குக்குப் போயிருந்தபோது ஆரத்தி சிவந்ததைப் பார்த்து, சித்தியைத் தொந்தரவு செய்து மறுபடியும் இரண்டு முறை கலக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்து, தன் நோட்டில் 'சாத்தூரில் சிவப்பு, சுக்காம்பாறையில் பச்சை' என்று எழுதியிருந்தாள். ஒரு சோதனைக்கு ஒரு நிறம்தான் இருக்க வேண்டும் என்று டீச்சர் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார். எந்த நிறத்தை எழுதுவது என்று மாரிக்கனி கேட்டாள். மாதிரி நோட்டைப் பார் என்றார் டீச்சர், அவளைப் பார்க்காமல்.

தேர்வுக்கு முந்தின நாள் தலைமையாசிரியர் பத்தாம் வகுப்புக்கே வந்து பேசினார். சிக்கல் எளிதானது. வெளித் தேர்வாளரிடம் உள்ள விடைக்குறிப்பு மாநிலம் முழுமைக்கும் பொதுவானது. அதில் சிவப்பு என்று இருக்கும். குழாயில் பச்சைதான் வரும். ஊர்ப் பெருமையையும் விட்டுக்கொடுக்க முடியாது, மதிப்பெண்ணையும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே கண் பச்சையைப் பார்க்கட்டும், கை சிவப்பு என்று எழுதட்டும் என்றார். பிள்ளைகளுக்கு அது கஷ்டமாகப் படவில்லை. பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்குப் பார்த்தும் மாற்றி எழுதுவது ஒரு படி அதிகம், அவ்வளவுதான்.

தேர்வாளர் குருபாதம் நாற்பது மைல் தள்ளியிருந்த ஒரு பள்ளியிலிருந்து வந்தார். ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. வரும் வழியில் காளியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய் நெற்றியில் பச்சைக் குங்குமம் வைத்துவிட்டார்கள். மதியச் சாப்பாடு சீனிச்சாமி வீட்டிலிருந்து வருவதாக ஏற்பாடு; அன்று அவர் மகளுக்கு வளைகாப்பு. ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள்.

ஐந்து ஐந்து பேராக அழைத்தார்கள். முதல் ஐவரில் முதல் எண் மாரிக்கனியுடையது. சீட்டுக் குலுக்கி எடுத்ததில் ஐவருக்கும் நிறங்காட்டிக் கேள்வி விழுந்தது: கொடுக்கப்பட்ட கரைசல் அமிலமா காரமா என்று மஞ்சள் சாற்றைக் கொண்டு கண்டறிக. ஐந்து மதிப்பெண். கொடுக்கப்பட்ட கரைசல் தெளிந்த சுண்ணாம்பு நீர் என்பது அந்த ஊரில் பிறந்த எவருக்கும் வாசனையிலேயே தெரியும். மற்ற நால்வரும் காண்பன என்ற கட்டத்தில் சிவப்பு என்று எழுதி முடித்துவிட்டு, பிறகு மஞ்சள் சாற்றை ஊற்றினார்கள். மாரிக்கனி முதலில் ஊற்றினாள். குழாயில் பச்சை இறங்கியது. அவள் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"சார், காண்பனன்னு இருக்கிற கட்டத்துல பாக்குறதை எழுதணுமா, படிச்சதை எழுதணுமா?"

"பாக்குறதைத்தான்" என்று சொல்லிக்கொண்டே குருபாதம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். வந்து குழாயைக் குனிந்து பார்த்தார். "நல்லாப் படிச்சிருந்தா, படிச்சதுதான் கண்ணுக்குத் தெரியும்" என்றார்.

மாரிக்கனி உட்கார்ந்து 'பச்சை' என்று எழுதினாள்.

அறையின் மூலையில் நின்றிருந்த எஸ்தர் நவமணி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். குருபாதம் மற்ற நான்கு மேசைகளையும் பார்த்தார். நான்கிலும் குழாய்கள் பச்சை, தாள்கள் சிவப்பு. விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினார்.

"பாப்பா, உன் பேரு என்ன?"

"மாரிக்கனி சார்."

"மாரிக்கனி, எனக்கும் பச்சையாத்தான் தெரியுது. ஆனா இதுக்கு அஞ்சு மார்க்கு. உனக்கு வேணும்ல?"

"வேணும் சார்."

"பெறகென்ன?"

அவள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருபாதம் கெட்டவர் அல்ல. முப்பத்து மூன்று வருடங்களில் அவர் யாரையும் தோற்கடித்ததில்லை. அவளிடமிருந்து தாளை இழுத்து, தன் சிவப்புப் பேனாவால் பச்சை என்ற சொல்லின் மேல் ஒரு கோடு கிழித்து, மேலே சிவப்பு என்று எழுதி, அடித்தல் திருத்தலுக்கு அத்தாட்சியாகப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, ஓரத்தில் ஐந்து என்று போட்டார்.

அப்போது குழாயிலிருந்த பச்சை அடியிலிருந்து மேலாகச் சிவந்தது. பிறகு மற்ற நான்கு குழாய்களும் சிவந்தன. சன்னலோரத்தில் அடுத்த ஐவருக்காக டீச்சர் மாதிரிக்குக் கலக்கி வைத்திருந்த குடுவை சிவந்தது. குருபாதத்தின் நெற்றியிலிருந்த குங்குமம் சிவந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான்கு பிள்ளைகளும் தங்கள் தாள்களைப் பார்த்து, தாங்கள் எழுதியது சரியாக இருப்பதைக் கண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"பாரு, இப்ப சிவப்புதான? முடிஞ்சுது. போ" என்று குருபாதம் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

மாரிக்கனி தாளைப் பார்த்தாள். தாளில் சிவப்பு, குழாயில் சிவப்பு, ஓரத்தில் ஐந்து. எங்கும் ஒரு தப்பும் இல்லை. அவள் அளவுகோலை எடுத்து அந்தக் கட்டங்களுக்குக் கீழே இன்னொரு வரிசைக்குக் கோடு போட்டாள். சோதனை: மேற்கண்ட விடையைத் தேர்வாளர் அடித்து ஒப்பமிடுதல். காண்பன: குழாயில் உள்ள பச்சை சிவப்பாக மாறுகிறது. அறிவன என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்துவிட்டு, 'இன்னும் தெரியவில்லை' என்று எழுதினாள்.

குருபாதம் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டார். தாளின் அடியில் அவருடைய முழுக் கையொப்பத்துக்கு உரிய இடம் காலியாக இருந்தது. பேனாவை அங்கே கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார்.

"அந்த வரியை அடிச்சிரும்மா. இதுல நான் கையெழுத்துப் போட்டா, இதை நான் பாத்தேன்னு ஆயிரும்."

"பாத்தீங்கள்ல சார்."

"பாத்தது வேற. பாத்தேன்னு ஆகுறது வேற."

கையொப்பம் இல்லாத தாளைக் கட்டில் சேர்க்க முடியாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். சேர்க்காவிட்டால் அந்த எண் தேர்வுக்கு வரவில்லை என்றுதான் பதிவேட்டில் எழுத வேண்டியிருக்கும். போவது ஐந்து அல்ல, இருபத்தைந்தும். இதைச் சொல்லும்போது அவருடைய குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. ஏனென்றால் அவருடைய பேனா சற்று முன் செய்ததை அவரும் பார்த்திருந்தார், இந்த வரிக்குக் கீழே அதே பேனா பட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. எஸ்தர் நவமணி டீச்சர் மூலையிலிருந்து வந்து மாரிக்கனியின் தோளைத் தொட்டார்.

"அடிச்சிரு தாயி. உங்கம்மா கையை நெனச்சுப் பாரு."

மாரிக்கனி அம்மாவின் கையை நினைத்துப் பார்த்தாள். பேனாவை எடுத்து அந்த வரியின் தொடக்கத்தில் வைத்தாள். நீல மை ஒரு புள்ளியாக ஊறி நின்றது. ஐந்து பேருக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து வெளியில் அடுத்த ஐவரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"நடந்துச்சே டீச்சர்" என்றாள். பேனாவை மூடினாள். தாளை மேசையிலேயே வைத்துவிட்டு, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வெளியே போனாள். குருபாதம் அடுத்த ஐவரை உள்ளே அழைத்தார்.

குருபாதத்தின் பேனா கோடு கிழித்த அதே நேரத்தில் சீனிச்சாமி வீட்டில், ஏழாம் மாதத்து வயிற்றோடு மணையில் உட்கார்ந்திருந்த மகளின் முகத்துக்கு நேரே பச்சை ஆரத்தியை இரண்டு சுற்று சுற்றி மூன்றாவது சுற்றுக்குக் கொண்டுபோகும்போது, தட்டு சிவந்தது. சுற்றியவள் தட்டைக் கீழே போட்டாள். ரத்தம், ரத்தம் என்று யாரோ சொன்னார்கள். கர்ப்பிணிப் பெண்ணின் மடியில் சிவப்புத் தெறித்து, அவள் அழ ஆரம்பித்தாள். கோயிலில் குங்குமக் கொப்பரை சிவந்து, பூசாரி நடையைச் சாத்தினார். வேனில் வந்திருந்த வெளியூர்க்காரர்கள் இதில் வித்தியாசமாக எதையும் காணாமல், பச்சைக் குங்குமம் எங்கே என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். இரண்டு வருடத்துக்கு முன் பச்சையைக் கண்டு மிரண்ட அதே ஊர், இப்போது சிவப்பைக் கண்டு மிரண்டது. மதியத்துக்குள் பேச்சு பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு பெண்பிள்ளை கேட்ட கேள்விக்காகத் தேர்வாளர் ஒரு தாளில் பச்சை என்பதை அடித்தாராம். அடித்த நேரமும் தட்டு சிவந்த நேரமும் ஒன்றாம். பச்சை என்று எழுதாமல் இருந்திருந்தால் அடித்திருக்க மாட்டாராம்.

மாரிக்கனி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள், செய்ததையும் பார்த்ததையும். வெள்ளத்தாய் வளைகாப்பு வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டுப் பாதியில் வந்திருந்தாள். அவள் மகளை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. இருபத்தைந்துமா போச்சு என்று ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்றாள் மகள். பொழுது சாய அடுப்பு மூட்டிச் சோறு வடித்துவிட்டு, போய்க் கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு என்றாள்.

சாயங்காலம் சீனிச்சாமி வந்தார். அவரோடு பூசாரியும் ஊராட்சித் தலைவரும் பதினைந்து இருபது பேரும், கக்கத்தில் பதிவேட்டின் பள்ளிப் பிரதியோடு தலைமையாசிரியர் கோமதிநாயகமும் வந்தார்கள். தெருவிலேயே நின்றார்கள். குடிசையின் பின்புறம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"வெள்ளத்தாயி, ஒம்மக எழுதுனதுலதான் ஊரு சிவந்து போச்சுங்கிறாங்க. என் புள்ள மடியில தெறிச்சிருக்கு. அவளை வெளிய கூப்புடு" என்றார் சீனிச்சாமி.

வெள்ளத்தாய் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எம்மக இன்னைக்குப் பரீட்சைக்கே போகல மொதலாளி."

"காலைல யூனிபார்ம் போட்டுப் போனதை நானே பாத்தேன்" என்றார் பூசாரி.

"பாத்திருப்பீக. ரிஜிஸ்டர்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. சீல் வச்சிருக்கும்ல."

எல்லாரும் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். அன்று காலை இறைவணக்கத்தில் அவள் முதல் வரிசையில் நின்றதைப் பார்த்திருந்தவர் அவர். பதிவேட்டைப் பிரித்து, விரலால் எண்களைத் தடவிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நிறுத்தினார். தேர்வாளரின் கையொப்பத்தையும் அதன் மேலே பாதி விழுந்த ஊதா முத்திரையையும் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார்.

"ஆமா. இந்தப் பிள்ளை வரல" என்றார்.

வராத பிள்ளை எதையும் எழுதியிருக்க முடியாது. அவளோடு தேர்வெழுதிய நால்வரில் ஒருத்தி கூட்டத்தில் இருந்தாள்; அவளைக் கேட்டபோது, முதல் மேசை காலியாகத்தான் இருந்தது போலிருக்கிறது என்றாள், சற்று யோசித்துவிட்டு, பொய் சொல்கிற முகமே இல்லாமல். சீனிச்சாமிக்கு வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று. நாளைக்கு வேலைக்கு நேரத்தில் வந்துவிடும்படி வெள்ளத்தாயிடம் பொதுவாகச் சொன்னார். மகளும் சும்மாதானே இருக்கிறாள், அவளையும் கூட்டிவா என்றார். வெள்ளத்தாய் வாசற்படியை விட்டு நகரவில்லை.

பின்கட்டில் மாரிக்கனி சோப்பை எடுத்து, காலையிலிருந்து விரல்களில் ஒட்டியிருந்த மஞ்சளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோப்புப் பட்ட இடமெல்லாம் செக்கச்செவேலென்று ஆனது. அவள் விரல்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். அந்தத் தண்ணீர் குடிசையைச் சுற்றிக்கொண்டு வந்து, வாசலில் அம்மாவின் கால்களுக்கு முன்னால் சிவப்பாக ஓடித் தெருவில் இறங்கியது. வந்தவர்கள் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, அதை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள்.